நாஷ்டாவை நாஷ்டா என்றே எழுதியவன்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் புலவர் ராஜமாணிக்கம் அவர்களே, செயற்குழுப் பெரியோர்களே, பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஷேக் தாவூத் பாய் அவர்களே, பழவேற்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சொந்தபந்தங்களே, முதல் ஷிப்டு முடித்துச் சாப்பாட்டு டப்பாவோடு நேராக இங்கே வந்து நிற்கும் சிப்காட் தோழர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் கும்மிடிப்பூண்டி பஜார் வியாபாரிகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் மோசஸ். எளாவூர்க்காரன். ஒரு வால்வு கம்பெனியில் ஃபிட்டர். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, இவர் குரலைக் கேட்டாலே போதும், கடல் கடந்த தமிழரெல்லாம் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சந்தோஷப்பட முடியவில்லை ஐயா. அந்தக் கைதட்டல் போய்ச்சேர வேண்டிய ஆள் பழவேற்காட்டுக் கபர்ஸ்தானில் இருக்கிறார்.

வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். கறுப்பு ஓரம் போட்டு, ரோஜாப்பூ படம் போட்டு, "நமது மன்றத்தின் தட்டச்சர் ரிஜ்வான் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருக்கிறது. தட்டச்சர். இந்த வார்த்தையை யார் போட்டது? ரூம் போட்டு யோசித்தீர்களா? கூட்டம் கூடித் தீர்மானம் போட்டீர்களா?

தட்டச்சு மட்டமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் மெஷினை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் "ஷிப்டு உட்டாச்சு" என்ற இணைய நிகழ்ச்சியை ஆரம்பித்தவர் ரிஜ்வான். பெயர் வைத்தவர் ரிஜ்வான். படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, ஏற்றியவர் ரிஜ்வான். நான் அதில் பேசியவன். அவ்வளவுதான். வீட்டைக் கட்டினவனைச் சுண்ணாம்பு அடிச்சவன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது இந்த பேனர்.

ரிஜ்வான் என்ன தொழில் செய்தார் என்று இங்கே பலருக்குத் தெரியும். அப்பாவின் இறால் வியாபாரத்துக்குப் போகாமல் நம்ம பஜாரில் டிடிபி கடை வைத்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கேதான். போஸ்டர் அடிக்க வருகிற குடும்பத்திடம் அவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "இவர ஊர்ல இன்னான்னு கூப்புடுவாங்க?" அதைக் கேட்டுவிட்டுத்தான் பெயருக்குக் கீழே பட்டம் போடுவார். பம்ப்செட் மெக்கானிக் என்றால் பம்ப்செட் மெக்கானிக். ஊர் கூப்பிடாத பெயரில் ஒருத்தரையும் அவர் வழியனுப்பியது கிடையாது. அவருக்கு மட்டும் இப்படி ஒரு பட்டம் வாய்த்திருக்கிறது. ஷேக் தாவூத் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படத்துக்கு மாலையும் விளக்கும் வேண்டாம், எங்கள் வழக்கம் இல்லை என்று அவர் போனிலேயே சொன்னாராம். அதுவும் யார் காதிலும் விழவில்லை.

இன்னொன்று. மேடை மரியாதைக்காக இவ்வளவு நேரம் அவர், இவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய் கூசுகிறது. எனக்கு ரிஜ்வான் அவன்தான். இனி அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் ஆரம்பித்தோம். கடைக்குப் பின்பக்கம் பேப்பர் கட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டூல், கம்ப்யூட்டர் மேல் கண்ணாடிக்குண்டு மாதிரி ஒரு கேமரா. "ண்ணா, ஆயுத பூஜைக்கு மேடையில பேசுவியே, அதே மாதிரி பேசு. கம்பெனி பேரு மட்டும் இழுக்காத" என்றான். பேசினேன். கேன்டீன் சாம்பார், கை காட்டினால் நிற்காத பஸ், மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கெமிக்கல் தெரு, ரயில் வரும் வரைக்கும் பிளாட்பாரத்தில் நடக்கிற அரசியல். வாரம் ஒரு தடவை. இணையத்தில் ஏற்றினோம். உலகமே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தோம். பார்த்தது யார்? அவன், நான், என் மச்சான். என் மச்சானும் பாதியில் தூங்கிவிட்டான்.

ஏன் யாரும் பார்க்கவில்லை என்று ரிஜ்வான் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து கவனித்தான். விஷயம் சப்பை. ஒவ்வொரு கேபினிலும் ஒரு பாட்டு அலறுகிறது என்று கடைக்காரர் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி வைத்துவிட்டார். ஹெட்போன் இருந்தது, அறுந்து போனது. சத்தமே வராத கம்ப்யூட்டரில் மோசஸ் குரல் எதற்கு உதவும்?

அங்கேதான் அரசப்பன் வந்து சேர்ந்தான். கவரைப்பேட்டைப் பக்கம் நெல்லு போடுகிற குடும்பம். நிலம் போதவில்லை என்று ரோலிங் மில்லுக்கு வந்தவன். எந்த மில் என்று நான் சொல்லப்போவதில்லை. இரும்பு உருளுகிற சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்று நின்று இரண்டு காதும் போய்விட்டது. மகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வந்தவன், பக்கத்தில் ரிஜ்வான் ஓடவிட்டிருந்த திரையில் என் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். காது கேட்காதவன் குரல் எவ்வளவு உசரம் என்று அவனுக்கே தெரியாது இல்லையா? "வாய் மட்டும் ஆடுது! இன்னா சொல்றான்னு கீழ எழுதிப் போட்டா நானும் சிரிப்பன்ல?"

அந்த வாரமே ரிஜ்வான் எழுதிப் போட்டான். பத்து நிமிஷம் ஓடுகிற படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவான். ஒரு வரி ஓடவிடுவான், நிறுத்துவான், அடிப்பான், பின்னால் இழுத்து மறுபடியும் கேட்பான். ஒரு வாரம் என்னைக் கூப்பிட்டு, "ண்ணா, தப்பா நெனைக்காத, மீசைய கொஞ்சம் எடு. உதடு தெரியல" என்றான். இருபது வயதிலிருந்து வளர்த்த மீசை. எடுத்தேன். எங்க ஊட்டம்மா ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கு மீசை, எதற்கு உதடு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னால் லட்சுமியம்மாள் வந்துதான் விளக்கினார்.

லட்சுமியம்மாள் அரசப்பனின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியாது. இதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். புருஷனுக்குக் காது கேட்காது, பெண்சாதிக்கு எழுதத் தெரியாது. அந்த வீட்டில் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? கை காட்டுவார்கள். சோறு, தண்ணி, மாடு, பணம். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது, வருஷக்கணக்காக. அந்த அம்மா ஒரு நாள் பை நிறையக் கத்தரிக்காயோடு ரிஜ்வான் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். "தம்பி, அவரு இப்ப நான் பேசறப்ப என் வாயப் பாக்கறாரு. பாதி புரியுதுங்குறாரு. நேத்து நான் எங்க அண்ணனத் திட்டிக்கினு இருந்தேன், அவரும் கூடச் சேர்ந்து திட்டறாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். அரசப்பன் என் உதட்டையும் கீழே ஓடுகிற எழுத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். எந்த வார்த்தைக்கு உதடு எப்படிப் போகிறது என்று தானே பிடித்துக்கொண்டான். நான் பேசுவதும் அவன் பெண்சாதி பேசுவதும் ஒரே பேச்சுதானே? இன்னா, ஊடு, வந்துக்கினு, போய்க்கினு. அதனால்தான் மீசை. அதனால்தான் ரிஜ்வான், நான் என்ன சொன்னேனோ அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டான். மில்லில் காது போன மற்றவர்களும் வந்தார்கள். நம்ம பேட்டையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது.

செவ்வாப்பேட்டையிலிருந்து நந்தினி என்று ஒரு பெண் எழுதியிருந்தது. டெலிபோன் ஆபரேட்டர், கண் பார்வை கிடையாது. நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கும். அதற்கு ஒரே ஒரு குறை. "அண்ணே, 'இதப் பாருங்க, இதப் பாருங்க'ன்றீங்களே, இதுன்னா இன்னா?" ரிஜ்வான் அதைப் படித்துக் காட்டிவிட்டு, இனிமேல் கையில் எதைப் பிடித்தாலும் அதன் பேரைச் சொல் என்று சட்டம் போட்டான். தேய்ந்த சேஃப்டி ஷூவைக் காட்டினால், தேய்ந்த சேஃப்டி ஷூ, கட்டைவிரல் பக்கம் ஓட்டை என்று சொல்ல வேண்டும். நந்தினிக்காகச் செய்தது. ஆனால் அப்புறம் எளாவூர் செக்போஸ்டில் லாரியை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக்கிடக்கிற டிரைவர்கள் பேச்சை மட்டும் செல்போனில் ஏற்றி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்கள். படமே வேண்டியதில்லை அவர்களுக்கு. நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருத்தர் என்னைக் குரலிலேயே கண்டுபிடித்து, நைனா என்று தோளில் கை போட்டார்.

எழுத்து போட்டது காது போனவனுக்கு. வந்து குவிந்ததோ காது நன்றாகக் கேட்கிற கூட்டம். ஸ்பீக்கர் இல்லாத பிரவுசிங் சென்டரில் பையன்கள் படித்துப் படித்துச் சிரித்தார்கள். ஷார்ஜாவில் குடோன் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பழவேற்காட்டுப் பிள்ளைகள் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போதே சத்தமில்லாமல் பார்த்தார்கள். அப்போதெல்லாம் இணையத்தில் ஆளுக்கு ஒரு எழுத்துரு. அது நம்மிடம் இல்லாவிட்டால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ரிஜ்வான் யூனிகோடில்தான் போடுவேன், எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்க வேண்டும் என்று நின்றான். நிகழ்ச்சியில் பேசினதை முழுசாகப் பக்கத்தின் கீழே எழுத்தாகவும் போட்டான். கும்மிடிப்பூண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று கூகுளில் தேடினவன்கூட எங்கள் பக்கத்தில் வந்து விழுந்தான். வந்தவன் என் பேச்சைக் கேட்டுவிட்டு மறு வாரமும் வந்தான். பேச்சைத் தேட முடியாது ண்ணா, எழுத்தைத்தான் தேட முடியும் என்று ரிஜ்வான் சொல்வான். என் குரல் கடல் கடந்தது என்று தலைவர் சொன்னாரே, அது எப்படிக் கடந்தது என்று இப்போது விளங்குகிறதா? அவன் எழுத்தின் மேல் ஏறிப் போனது ஐயா என் குரல்.

கூட்டம் சேர்ந்த பிறகு மன்றம் வந்தது. இணையத் தமிழ் மன்றம், மாவட்டம் முழுவதற்கும். நிகழ்ச்சியை மன்றத்தின் சார்பில் நடத்தலாம், இடம் தருகிறோம், பெயர் தருகிறோம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். ரிஜ்வான் சரி என்றான். நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தான். முதல் கூட்டத்திலேயே "ஷிப்டு உட்டாச்சு" என்பதைப் "பணிநேரம் நிறைவுற்றது" என்று மாற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. நான் சிரித்துவிட்டேன். அதோடு அது நின்றது.

நிற்கவில்லை. தங்கச்சி நிக்காஹ்வுக்காக ரிஜ்வான் பழவேற்காட்டுக்குப் போயிருந்தான். அந்தச் சமயத்தில் எழுத்து வேலை தலைவர் கைக்குப் போனது. நான் படத்தில், "இன்னா தொர, காலைல நாஷ்டா துன்னியா?" என்று கேட்கிறேன். கீழே என்ன ஓடுகிறது தெரியுமா? "ஐயா, காலைச் சிற்றுண்டி அருந்தினீர்களா?" நான் ஊட்டுக்குப் போறேன் என்கிறேன். கீழே, இல்லம் திரும்புகிறேன் என்று ஓடுகிறது. பேஜாரு என்றால் மனச்சோர்வு. தலைவருக்குத் தமிழ் மேல் உள்ள பற்றை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். காது கேட்கிறவர்களும் இது என்னடா கூத்து என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அரசப்பன் சிரிக்கவில்லை. அவன் உதட்டைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான். இரண்டும் சேரவில்லை. எழுத்து தப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எழுத்து எப்படித் தப்பாகும்? புலவர் போட்டது, மன்றத்தின் பெயர் போட்டு வருவது. அதனால் அவன் என்ன முடிவுக்கு வந்தான்? காதுதான் போச்சு, இப்போது கண்ணும் போகுது என்று முடிவுக்கு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. திருவள்ளூரில் நடந்த கண் முகாமுக்குத் தனியாகப் போய் வரிசையில் நின்றான். கண்ணில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதையும் அவன் நம்பவில்லை. டாக்டர் வாயையும் தப்பாகப் படித்திருப்போமோ என்று பயம். அதற்கப்புறம் வீட்டில் லட்சுமியம்மாள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அந்த அம்மா பேசினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். மறுபடியும் கைஜாடை.

லட்சுமியம்மாள் வந்து சொன்னபோது ரிஜ்வான் உடனே பஸ் ஏறினான். நானும் போனேன். அரசப்பன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து நாஷ்டா என்றான். ஒரு பேப்பரில் நாஷ்டா என்று எழுதிக் காட்டினான். ஊடு என்றான், ஊடு என்று எழுதினான். பேஜாரு என்றான், எழுதினான். அரசப்பன் அவன் வாயையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் அந்த பேப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, யார் எழுத்தை மாற்றினது என்று ஒரு கத்து கத்தினான். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தது.

ரிஜ்வான் தலைவரைப் போய்ப் பார்த்தான். சண்டை போடவில்லை. இணையத்தில் தமிழை வளர்க்க வேண்டிய நாமே கொச்சையைப் பரப்பலாமா என்று தலைவர் கேட்டார். ரிஜ்வான் சொன்ன பதிலை நான் பக்கத்திலிருந்து கேட்டவன். "ஐயா, கீழ பக்கத்துல நீங்க சொல்ற நல்ல தமிழ்லயே சுருக்கம் போடுறேன். படத்து மேல மட்டும் வாய் இன்னா சொல்லுதோ அதப் போட உடுங்க. வாய் ஒன்னும் எழுத்து ஒன்னும் சொன்னா பாக்கறவன் எத நம்புவான்?" தலைவர் ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவருக்கு நன்றி.

அப்புறம் சென்னையில் ஒரு அமைப்பு கேடயம் கொடுத்தது. அனைவரையும் சென்றடைந்த தமிழ் இணைய நிகழ்ச்சி என்று. அனைவரையும் என்ற வார்த்தையை அவர்களே போட்டிருந்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டது என்னையும் தலைவரையும். ரிஜ்வான் கீழே நின்று எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்ததும் நான் கேடயத்தை அவன் கையில் திணித்தேன். "நீ புடி ணா, என் கையில கேமரா இருக்குது" என்றான். கேடயம் இப்போது மன்ற அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

கடைசியாக நடந்ததைச் சொல்லியாக வேண்டும். போன மாதம் செயற்குழுவில் ஒரு தீர்மானம். மன்றத்துக்குப் புதிய இணையதளம். பளபளவென்று ஓடுமாம். தமிழ் எழுத்தெல்லாம் அலங்காரமாக வரைந்து படமாகவே வைத்துவிடுவார்களாம். நந்தினியின் கம்ப்யூட்டர் எழுத்தை வாசித்துக் காட்டும், படத்தை வாசிக்குமா? கூகுள் தேடுமா? ரிஜ்வான் கேட்டான். அடுத்து, நிகழ்ச்சியில் கீழே ஓடுகிற எழுத்து மன்றத்தின் பெயர்ப் பட்டையை மறைக்கிறது, ஆகவே எழுத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். பழைய படங்களிலிருந்தும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்றார்கள். அரசப்பன் என்ன செய்வான் என்று அவன் கேட்டான். ஒரு பத்து இருபது பேருக்காக ஊர் முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், மேடையில்தான் இருக்கிறார். "நீங்களும் எத்தனை வருஷம்தான் தட்டிக்கிட்டே இருப்பீங்க தம்பி, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றும் சொன்னார்.

ரெஸ்ட் எடுத்துவிட்டான். கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. என் மடியில்தான் தலை இருந்தது. மாரடைப்புக்குக் காரணம் நீங்கள் என்று நான் சொல்லவில்லை. அவங்க வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற வியாதி அது என்று டாக்டர் சொன்னார், அதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. கடையில் போய் உட்கார்ந்தால் வேறு எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேயே வந்து நிற்பான். எடுத்துடுவாங்களா ணா, நெசமாவே எடுத்துடுவாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. அது என் நெஞ்சை அறுக்கிறது, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சற்று முன்னால் இங்கே அவனுக்கு அஞ்சலி என்று ஒரு படம் காட்டினீர்கள். விளக்கையெல்லாம் அணைத்தீர்கள். வயலின் வாசித்தது. கணீரென்ற குரலில் ஒருவர் அவன் சேவையை எடுத்துச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஓடிய படத்தில் ஒரு எழுத்து உண்டா? ஒரே ஒரு எழுத்து? அரசப்பனும் மில் தோழர்களும் இடதுபக்க வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். இருட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பேசியவர் வாயும் திரையில் தெரியவில்லை. ரிஜ்வானைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவனுடைய சாவுக்கு வந்தவர்களை அவனுடைய கூட்டத்திலேயே வெளியே நிறுத்திவிட்டீர்கள். இதைவிட அவனைக் கேவலப்படுத்த முடியாது.

தலைவர் மணி அடிக்கப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

ரிஜ்வானின் மனைவி ஜபீன் இத்தாவில் இருக்கிறார். நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வரக்கூடாது. ஆனால் மாமனார் ஷேக் தாவூத் பாயிடம் எனக்குச் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்று காலையில் பாய் வந்து அதை அப்படியே சொன்னார். "கடைல இருக்கற கம்ப்யூட்டர ஊட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க. மோசஸ் அண்ணன் பேசி அனுப்பட்டும். நான் வெளிய வர முடியாது, ஆனா எழுத முடியும்." கடையில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை அடித்துப் பழகியவர் அவர். கம்ப்யூட்டர் நாளைக் காலையில் பழவேற்காட்டுக்குப் போகிறது. என் மச்சான் வண்டி சொல்லியிருக்கிறான்.

ஆகவே மன்றத்துக்கு நான் சொல்வது இதுதான். கேடயம் உங்களிடமே இருக்கட்டும். புதிய இணையதளம் உங்களுடையது, நன்றாக ஓடட்டும். பெயர்ப் பட்டையை இன்னும் அகலமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மறைக்க இனி ஒன்றும் இல்லை. ஆனால் மோசஸ் குரல் அதில் வராது. ரிஜ்வான் வீட்டில் எழுதுகிற எழுத்து எங்கே போகிறதோ, என் குரல் அங்கேதான் போகும். எழுத்தை எடுத்துவிட்டு என் பேச்சை மட்டும் ஏற்றினால், அது மோசஸ் இல்லை, யாரோ என்று ஊர் ஊராகச் சொல்வேன். கோபத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், ஆனால் யோசித்து வைத்த கோபம்.

மைக்கை இப்படி வைத்துவிடுகிறேன். இனி நான் பேசுவது மேடைக்கு இல்லை.

அரசப்பா, இங்க பாரு. என் வாயப் பாரு. ரிஜ்வான் வேல நிக்காது. அவன் ஊட்டுல இருந்து வந்துக்கினே இருக்கும்.

தலையாட்டுகிறான். எழுந்து நிற்கிறான், பாருங்கள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறான். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மேடைக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.